கீமோ நடக்கக்குள்ள வெயிட் தூக்கலாமா?

"மிஸ், இந்தக் கையால ஒரு செம்புத் தண்ணி கூட தூக்க விடுறாங்கல்ல." மார்புப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் செஞ்சிட்டு வாகரையில இருந்து வாறவங்களும் இதைத்தான் சொல்றாங்க, கல்முனையில இருந்து வாறவங்களும் இதைத்தான் சொல்றாங்க. வீட்டுல மாமி, அக்கா, புருஷன் எல்லாரும் பாசத்துலதான் தடுக்கிறாங்க, ஒப்பரேஷன் செஞ்ச பக்கம், கை வீங்கிரும், சும்மா இரி கா எண்டு. முந்தி டொக்டர்மாரே அப்பிடித்தான் சொன்னவங்க, அதால வீட்டாக்களக் குறை சொல்ல ஏலாது.

ஆனா 2009ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்திச்சு. மார்புப் புற்றுநோய்க்குப் பிறகு ஏற்கனவே கை வீக்கம் இரிக்கிற 141 பொம்பிளைகள எடுத்து, பாதிப்பேரை கிழமைக்கு ரெண்டு தரம் வெயிட் தூக்க வெச்சாங்க, கைக்கு இறுக்கமான உறை போட்டு, பாரத்தக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி. ஒரு வருஷத்துல தூக்கினவங்களுக்கு வீக்கம் கூடிப்போகல்ல, வீக்கம் திடீரெண்டு மோசமாகி அவதிப்பட்டது தூக்காதவங்கள்ல 29 சதவீதம், தூக்கினவங்கள்ல 14 சதவீதம்தான்.

அது ட்ரீட்மெண்ட் முடிஞ்ச ஆக்கள், சரி. மருந்து ஏத்திக்கொண்டிரிக்கக்குள்ள? 2007ல கனடாவுல கீமோ எடுக்கிற 242 பேரை வெச்சுச் செஞ்ச ஆய்வுல வெயிட் பயிற்சி செஞ்சவங்களுக்குத் தசை கூடினதோட, குறிச்ச அளவு மருந்தையும் மத்தவங்கள விடக் கூடப்பேர் முழுசா எடுத்து முடிச்சாங்க. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாத்திலயும் அந்த ரெண்டாவது விஷயம் அப்பிடியே வரல்ல, அதால அதைப் பெரிசாச் சொல்ல மாட்டன். பெலன் கூடும், களைப்புக் குறையும், அது மட்டும் நிச்சயம்.

கையப் பத்தியே எல்லாரும் கதைக்கிறம், எனக்கெண்டா கவலை தொடைதான். வாந்தி வராம இரிக்கத் தாற ஸ்டீராய்ட், சாப்பாடு குறையிறது, படுத்தே கிடக்கிறது, மூண்டும் சேர்ந்து தொடைத் தசையத் திண்டிரும். ஆனா வெயிட் மெஷின்ல நிறை குறையாது, சில நேரம் கூடவும் செய்யும், ஏனெண்டா தசை போற இடத்துக்குக் கொழுப்பு வருது, பாக்கிற சனமும் "நல்லா உடம்பு வெச்சிரிக்கா" எண்டு சொல்லிட்டுப் போகும். உண்மை எப்ப தெரியுமெண்டா பஸ் படி ஏறக்குள்ள, குந்தின இடத்துல இருந்து எழும்பக்குள்ள. காத்தான்குடிப் பக்கத்து உம்மாமார் சிலர் தொழுகையில நெத்தியை நிலத்துல வெக்கிற சுஜூதுல இருந்து எழும்ப ஏலாம கதிரையில இரிந்து தொழத் தொடங்கிருவாங்க, அதைக் கேட்டா நான் உடனே கால் பயிற்சிதான் சொல்லிக் குடுப்பன்.

ஜிம் ஒண்டும் தேவல்ல. கதிரையில இரிந்து கையூண்டாம எழும்பி இரிக்கிறது, சுவத்துல கை வெச்சுத் தள்ளுறது, அரை லீட்டர் தண்ணிப் போத்தல் ரெண்டத் தூக்குறது. ஒவ்வொண்டும் 8ல இருந்து 15 தரம், கிழமைக்கு ரெண்டு நாள், நடுவுல ஒரு நாளாவது ஓய்வு. லேசா இரிந்தா ஒரு லீட்டர் போத்தலுக்கு மாறலாம், ஆனா அவசரப்படாம. மருந்து ஏத்தின முதல் ரெண்டு மூணு நாள் உடம்பு ஏலாட்டி விடுங்க, மெதுவா நடந்தா போதும். முட்டை, மீன், பயறு, கடலை ஏதாச்சும் ஒண்டு நாளும் சாப்பாட்டுல இரிக்கணும், வெறும் கஞ்சியக் குடிச்சிட்டுத் தசை வளர்க்க ஏலாது.

ஒப்பரேஷன் முடிஞ்ச உடனே தூக்கிராதீங்க. காயத்துல நீர் வடிய வெச்ச டியூப் எடுத்து, காயம் ஆறி, சத்திரசிகிச்சை டொக்டர் ஓமெண்டு சொல்ற வரைக்கும் தோள்பட்டை அசைவுப் பயிற்சி மட்டும்தான். காய்ச்சல், நெஞ்சு நோ, தலைச்சுத்து, பிளேட்லெட் (ரத்தத்த உறைய வெக்கிற அணு) நல்லாக் குறைஞ்ச ரிப்போட், இதுல எது இரிந்தாலும் அண்டைக்கு வேணாம். எலும்புக்குப் பரவியிரிக்கு எண்டு சொல்லியிரிந்தாலோ புதுசா முதுகு, இடுப்பு எலும்பு நொந்தாலோ டொக்டரைக் கேக்காம ஒண்டும் தொடங்காதீங்க. வளையலோ சட்டைக் கையோ வழமைய விட இறுகினா அந்தக் கைக்குப் பாரத்த நிப்பாட்டிட்டுக் காட்டுங்க, கால் பயிற்சிய விடத் தேவல்ல.

கிளினிக்ல சனம் கூட, டொக்டரா இதை எடுத்துக் கதைக்க நேரம் கிடைக்காம போகலாம். "என்னைப் பிசியோவுக்கு அனுப்புங்க" எண்டு நீங்களே கேளுங்க, போகக்குள்ள கடைசி பிளட் ரிப்போட்டையும் கொண்டு போங்க, தடுக்கிற ஆளையும் கூட்டிட்டுப் போங்க.