சோதனையில் ஒன்றுமில்லை, ஆனாலும் கண் எரிகிறது

"கண்ணுக்குள்ள மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு டாக்டர்."

மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நேரத்தில் வந்த வங்கி ஊழியர் அவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கையில் இருந்த பையில் ஐந்து விதச் சொட்டு மருந்துகள்.

கீழ் இமையோரம் காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் விட்டேன். ஷிர்மர் சோதனை என்போம். 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் கண்ணீர் மிகக் குறைவு. அவருக்கு 14 வரை நனைந்திருந்தது. கருவிழியில் கீறல், புண் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயம் விட்டுப் பார்த்தேன். கருவிழி சுத்தமாக இருந்தது. முன்பு பார்த்த இடத்தில் "எல்லாம் உங்க மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டார்.

அந்த வார்த்தையை எந்த நோயாளியிடமும் சொல்லக் கூடாது என்பேன். அவருக்கு இருந்தது நிஜமான வலி.

உடலிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் ஒன்று கருவிழி. கண்ணீர்ப் படலம் ஆவியாகும்போது கருவிழி லேசாகக் குளிரும். நரம்புகள் அதை மூளைத்தண்டுக்குத் தெரிவிக்க, அங்கிருந்து கண்ணீர்ச் சுரப்பிக்கு உத்தரவு வரும். அந்த உத்தரவைக் கொண்டுவருவது, உடல் நிதானமாக இருக்கும்போது ஓங்கியிருக்கும் நரம்பு மண்டலம். பதற்றத்தில் அதற்கு எதிரானது ஓங்கிவிடும். பரீட்சைக்கு முன் வாய் வறண்டுபோகிறதே, அதுபோலக் கண்ணிலும் ஈரம் குறையலாம். "அழுதால் கண்ணீர் வருதே" என்று கேட்பார்கள். அழுகைக் கண்ணீர் வேறு, நாள் முழுக்கக் கண்ணை நனைத்து வைக்கும் கண்ணீர் வேறு.

அப்புறம் இன்னொன்று, இதுதான் முக்கியம். மன அழுத்தமும் தூக்கமின்மையும் நீடித்தால், மூளை வலியின் ஒலியைக் கூட்டி வைத்த ரேடியோ மாதிரி ஆகிவிடும். சின்ன உறுத்தலும் பெரிய எரிச்சலாகக் கேட்கும். எரிச்சலால் கவலை, கவலையால் தூக்கமின்மை, மறுபடி எரிச்சல். இப்படிக் கண் வறண்டு எரிவதை உலர்கண் நோய் என்போம். 2017இல் வெளியான அதன் சர்வதேச வரையறையிலேயே நரம்புணர்வுக் கோளாறும் ஒரு காரணமாக இடம்பெற்றிருக்கிறது.

அவருக்கு மரப்பு மருந்து ஒரு சொட்டு விட்டேன். எரிச்சல் முழுக்க அடங்கினால் கோளாறு கண்ணின் மேற்பரப்பில். அடங்காவிட்டால் நரம்புப் பாதையில் இன்னும் உள்ளே. அவருக்குப் பாதிதான் அடங்கியது. (இந்தச் சொட்டை வாங்கி வீட்டில் போடவே கூடாது, கருவிழியைக் கெடுத்துவிடும்.)

பிறகுதான் மற்றதைக் கேட்டேன். இரவில் நாலு மணி நேரத் தூக்கம். தும்மலுக்குத் தினமும் செட்டிரிசின். அதுவும் கண்ணை வறளச் செய்யும். பையில் இருந்ததில் ஒன்று ஸ்டீராய்டு சொட்டு, மருந்துக் கடையில் தானாக வாங்கியது. கண் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வை நரம்பையே பாதிக்கக் கூடியது. அழுத்தத்தை அளந்துவிட்டு அதை நிறுத்தச் சொன்னேன்.

பதப்படுத்தும் பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர், இமைக்கு வெந்நீர் ஒத்தடம், கணினி முன் நினைவாக இமைப்பது, படுக்கும் முன் வயிறு ஏறி இறங்க மெதுவாக மூச்சு விடுவது, கூடவே மனநல மருத்துவரிடம் ஒரு ஆலோசனை. கடைசியாகச் சொன்னதற்கு முதலில் தயங்கினார். "நீங்களும் மனப்பிரமைன்னுதான் சொல்றீங்களா?" என்றார். காகிதத்தில் கண்ணையும் மூளையையும் வரைந்து, நரம்பு போகிற வழியைக் காட்டினேன். அந்தக் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று மாதம் கழித்து வந்தார். மாதக் கடைசியில் இப்போதும் எரிகிறதாம். ஆனால் ஆறு மணி நேரம் தூங்குகிறார். ஏசிக் காற்று முகத்தில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாராம்.