சம்பளம் வாங்காத நிர்வாகக் குழு உறுப்பினருக்கும் பொறுப்பு உண்டு

தொண்டு நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது என் வேலை. அவற்றில் பல, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்காக நடப்பவை. தொழிற்பயிற்சி, விடுதி, படிப்பைப் பாதியில் விட்டவர்களை மறுபடி படிக்க வைப்பது, வேலை தேடிக் கொடுப்பது என்று நல்ல காரியங்கள் செய்பவை. அண்மையில் அப்படி இன்னொரு நிறுவனம் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. யாரும் திருடவில்லை. நிறுவனர் நேர்மையானவர், பணியாளர்கள் உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள், நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் மதிப்புக்குரிய மனிதர்கள். ஆனால் பயிற்சிக்கென்று வந்த நிதி வாடகைக்கும் சம்பளத்துக்கும் போய்க்கொண்டிருந்தது அந்தக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டபோது தலைவர் சொன்னார்: "நாங்க சேவை செய்யத்தானே வந்தோம். கணக்கெல்லாம் நிறுவனர் பாத்துக்குவார்னு நெனச்சோம்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பாதிப் பயிற்சியில் வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளிடம் இதைச் சொல்ல முடியுமா? எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டிருந்த ஒரு பையன், "சான்றிதழ் மட்டுமாவது குடுத்துடுவீங்களா சார்?" என்று அலுவலக வாசலில் நின்று கேட்டான். தேர்வே நடக்கவில்லை, சான்றிதழுக்கு எங்கே போவது?

முதலில் எனக்கு மிகவும் எரிச்சல் தரும் நம்பிக்கையை எடுத்துக்கொள்கிறேன். "நான் சம்பளம் வாங்கவில்லை, அதனால் எனக்குப் பொறுப்பில்லை." எவ்வளவோ படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள்கூட இதை உண்மையென்றே நம்புகிறார்கள். கிடையாது. உங்கள் பொறுப்பு நீங்கள் வாங்கும் பணத்திலிருந்து வருவதில்லை, ஏற்றுக்கொண்ட பதவியிலிருந்து வருகிறது. நன்கொடை தருகிறவர் நிறுவனரின் முகத்தைப் பார்த்து மட்டும் தருவதில்லை. லெட்டர்பேடின் ஓரத்தில் வரிசையாக அச்சாகியிருக்கும் பெயர்களையும் பார்க்கிறார். "இவர் இருக்கிறாரா, அப்போது சரியாகத்தான் இருக்கும்" என்று நம்பிக் காசோலை எழுதுகிறார். அந்த நம்பிக்கையை உங்கள் பெயரால் வாங்கிவிட்டு, "நான் பெயருக்குத்தான் இருந்தேன்" என்று பிறகு சொல்வது அவரை ஏமாற்றுவது. உங்களுக்கு அந்த எண்ணமே இல்லை என்றாலும் நடப்பது அதுதான்.

நீதிமன்றங்களும் இதை எப்போதோ சொல்லிவிட்டன. அமெரிக்காவில் வாஷிங்டனின் சிப்லி மருத்துவமனை வழக்கு எங்கள் தொழிலில் அடிக்கடி பேசப்படுவது. லாப நோக்கமற்ற மருத்துவமனை அது. நிதிக்குழு, முதலீட்டுக்குழு இரண்டும் வேண்டும் என்று 1960-ல் விதிகளில் எழுதி வைத்தார்கள். 1971 வரை அவை கூடவே இல்லை. நிர்வாகியும் பொருளாளரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள், மற்றவர்கள் தலையாட்டினார்கள். மருத்துவமனையின் பணம் பெருமளவு வட்டியில்லாத கணக்குகளில் கிடந்தது. அந்தப் பணம் இருந்த வங்கிகள் சிலவற்றோடு குழு உறுப்பினர்கள் சிலருக்கே தொடர்பு இருந்தது. 1974-ல் வந்த தீர்ப்பு, மேற்பார்வை செய்யாமல் விட்டதே கடமை தவறியதுதான் என்றது. கெட்ட எண்ணம் இருந்ததா, சொந்தமாக லாபம் அடைந்தார்களா என்பதற்காக அது காத்திருக்கவில்லை. கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை, அவ்வளவு போதும். ஆகவே "நான் எதிலும் தலையிடவில்லை" என்பதை யாரும் தற்காப்பாகச் சொல்ல வேண்டாம். குற்றச்சாட்டே அதுதான்.

இன்னொரு வடிவத்திலும் இதே நம்பிக்கை வரும். "நான் டாக்டர், எனக்குக் கணக்கு தெரியாது. குழுவில் ஒரு ஆடிட்டர் இருக்கிறார், அவர் பார்ப்பார்." குழுவின் பொறுப்பு கூட்டுப் பொறுப்பு. இங்கிலாந்தில் தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அறநிறுவன ஆணையம் அறங்காவலர்களுக்கு, அதாவது நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு, சொல்வதும் இதுவே. பொருளாளர் விளக்கிச் சொல்லலாம், முடிவு எல்லோருடையது. பேலன்ஸ் ஷீட் படிக்க வராவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். தெரியாது என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தெரியாமலே கையெழுத்துப் போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

கையெழுத்து என்றதும், கூட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கும் மினிட்ஸ் புத்தகம் நினைவுக்கு வருகிறது. தணிக்கைக்குப் போனால் நான் முதலில் கேட்பது அதைத்தான், கேஷ் புக்கை அல்ல. மூடும் நிலைக்கு வந்த அந்த நிறுவனத்தின் புத்தகத்தில் ஒரு வருடத்தின் நான்கு கூட்டங்களும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு கூட்டத்திலும் "வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்ற ஒரே வரி. எந்தத் தொகையும் இல்லை, யார் என்ன கேட்டார் என்பதும் இல்லை. மூன்றாவது கூட்டத்தின் தேதியில் உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டில் இருந்திருக்கிறார், அவர் கையெழுத்தும் அங்கே இருந்தது. "வந்ததும் போட்டேன் சார், எல்லாம் வழக்கமா நடக்கறதுதானே" என்றார். ஐயா, அது வழக்கமில்லை. போகாத கூட்டத்துக்குப் போனதாக நீங்களே எழுதிக்கொடுத்த சாட்சி அது.

நல்ல மினிட்ஸில் கருத்து வேறுபாடு இருக்கும். "விடுதி விரிவாக்கத்துக்கு இப்போது பணம் இல்லை என்று இரண்டு உறுப்பினர்கள் சொன்னார்கள், முடிவு தள்ளி வைக்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்தால் அந்தக் குழு உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எல்லாமே ஒருமனதாக நிறைவேறும் குழுவைப் பார்த்தால் நான் வவுச்சர்களை இன்னும் கவனமாகப் பார்ப்பேன்.

ஒரு நோக்கத்துக்கென்று வந்த பணம் அந்த நோக்கத்துக்கே. இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை. ஆனால் வங்கி இருப்பைக் காட்டி "பணம் நிறைய இருக்கு" என்று நிறுவனத்தை அன்றாடம் நடத்தும் இயக்குநர் சொல்லும்போது அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: இதில் எந்தத் திட்டத்துக்கென்றும் ஒதுக்கப்படாத பணம் எவ்வளவு? பத்து ரூபாய் இருப்பில் ஒன்பது ரூபாய் பயிற்சித் திட்டத்துக்கென்று வந்ததாக இருந்தால், கையில் இருப்பது ஒரு ரூபாய்தான். புது நன்கொடை எதுவும் வராவிட்டால் எத்தனை மாதம் சம்பளம் கொடுக்க முடியும் என்பதையும் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் ஒரு பக்கத்தில் பதில் சொல்ல முடியாத நிறுவனம் நெருக்கடியில்தான் இருக்கிறது. வரியும் பணியாளர் சம்பளத்தில் பிடித்த தொகைகளும் கெடுவுக்குள் கட்டப்பட்டதா என்று பாருங்கள். பணமுடை வந்தால் முதலில் நிறுத்தி வைக்கப்படுபவை இவைதான்.

லண்டனில் கிட்ஸ் கம்பெனி என்ற அமைப்பு இருந்தது. கவனிப்பாரற்ற பிள்ளைகளுக்காக 1996-ல் கமீலா பாட்மங்கெலிட்ஜ் தொடங்கியது. பிரதமர்கள் பாராட்டினார்கள், அரசு கோடிக்கணக்கில் மானியம் கொடுத்தது. 2003 முதல் அறங்காவலர் குழுவின் தலைவராக இருந்தவர் பிபிசியின் ஆலன் யென்டாப். 2015 ஜூலை இறுதியில் அரசிடமிருந்து 30 லட்சம் பவுண்டு வந்தது. ஆகஸ்ட் 5 அன்று நிறுவனம் மூடப்பட்டது. இடையே பாலியல் அத்துமீறல் புகார்கள் செய்தியாக வெளிவந்து, போலீஸ் விசாரணை தொடங்கியிருந்தது. அந்த விசாரணை 2016 தொடக்கத்தில் வழக்கு எதுவும் இல்லாமல் முடிந்தது. அதே வருடம் நாடாளுமன்றக் குழு அறங்காவலர்களைக் கடுமையாகக் கண்டித்தது. கையிருப்பு நிதி சேர்த்து வைக்கச் சொல்லித் தணிக்கையாளர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை என்றது. ஆனால் 2021-ல் உயர் நீதிமன்றம், அந்த அறங்காவலர்களை எந்த நிறுவனத்திலும் இயக்குநராக இருக்கத் தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கக் கோரிய வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தப் புகார்கள் எழாமல் இருந்திருந்தால் நிறுவனம் பிழைத்திருக்கலாம் என்றும் சொன்னது.

இந்தக் கதையில் யார் சரி, யார் தவறு என்று பலர் பலவிதமாகச் சொல்வார்கள். ஒரு தணிக்கையாளராக எனக்குப் படுவது இதுதான்: கையில் சேமிப்பு இருந்திருந்தால் நிரூபிக்கப்படாத அந்தப் புகார்களையும் தாங்கியிருக்கலாம். அது இல்லாததால் சில நாளில் எல்லாம் முடிந்தது. "இருக்கிற பிள்ளைகளுக்கே பத்தவில்லை, இதில் சேமிப்பு எதற்கு?" என்று நிறுவனர்கள் கேட்பார்கள். மனசாட்சியுள்ள கேள்விதான். ஆனால் நாளை வரப்போகும் பிள்ளையும் உங்களை நம்பித்தான் வருகிறான் என்று சொல்லக் குழுவில் ஒருவராவது வேண்டும். சேமிப்பு வைக்கச் சொல்வது கல்நெஞ்சம் இல்லை.

நிறுவனர் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான குழுக்களில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர் நிறுவனர்தான். அவருடைய நண்பர், அவருடைய ஆசிரியர், அவருடைய மைத்துனர். அவர்மேல் உள்ள மரியாதையால் கேள்வி கேட்க நா எழுவதில்லை. "அவர் வாழ்க்கையையே குடுத்தவர், அவரைப் போய்க் கேக்கறதா?" என்கிறார்கள். கேட்க வேண்டும். உங்கள் விசுவாசம் அந்த நிறுவனம் எதற்காக இருக்கிறதோ அந்தப் பிள்ளைகளுக்கு, நிறுவனருக்கு அல்ல. நியூயார்க்கில் 1972-ல் வீடற்ற இளைஞர்களுக்காகக் கோவனன்ட் ஹவுஸைத் தொடங்கிய பாதிரியார் புரூஸ் ரிட்டர் நாடே கொண்டாடிய மனிதர். அங்கு வந்த இளைஞர்களிடம் அத்துமீறியதாகப் புகார் எழுந்து, 1990 பிப்ரவரியில் பதவி விலகினார். அவர் எல்லாவற்றையும் மறுத்தார், குற்ற வழக்கும் தொடரப்படவில்லை. ஆனால் குழு தானே வெளியாரை வைத்து நடத்திய விசாரணையின் அறிக்கை அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தபோது, அவருக்கு எதிரான சாட்சியங்கள் ஏராளம் என்றது. அந்த அமைப்பு புதிய தலைமையில் இன்றும் இயங்குகிறது. தாமதமாகவேனும் குழு நேராக விசாரித்ததற்கு அதில் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

பிள்ளைகளின் பாதுகாப்பு கணக்குக்கு வெளியே இருக்கும் விஷயம், என் துறை இல்லை என்று நான் விட்டுவிடுவதில்லை. குழுவும் விடக்கூடாது. ஒரு பிள்ளைக்குப் புகார் இருந்தால் இயக்குநரைத் தாண்டி நேராகக் குழுவில் ஒருவரிடம் சொல்ல வழி இருக்கிறதா? அந்தப் பெயரும் எண்ணும் விடுதிச் சுவரில், பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் ஒட்டியிருக்கிறதா? வேலைக்கு எடுக்குமுன் ஒவ்வொருவரின் முந்தைய இடத்திலும் விசாரித்தார்களா? பிள்ளையோடு யாரும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது என்ற விதி காகிதத்திலா, நடப்பிலா? "இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் சந்தோஷப்பட மாட்டேன். நூறு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சாப்பாட்டைப் பற்றிக்கூட யாரும் குறை சொல்லவில்லை என்றால், சொல்லப் பயப்படுகிறார்கள் என்றுதான் நினைப்பேன். போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆண்டு விழா மேடையில் மட்டும் அவர்களைப் பார்க்காதீர்கள், தயவுசெய்து.

அந்தப் பிள்ளைகளில் ஒருவரைக் குழுவிலேயே சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் யோசியுங்கள். இங்கிலாந்தில் நிறுவனமாகப் பதிவான அறநிறுவனங்களில் 16 வயதிலேயே அறங்காவலர் ஆகலாம். உங்கள் ஊர்ச் சட்டம் 18 என்றால், பயிற்சி முடித்து வேலைக்குப் போன முன்னாள் மாணவர் ஒருவரைக் கொண்டுவாருங்கள். சும்மா உட்கார வைக்காமல், அவர் பேச நேரம் ஒதுக்குங்கள். விடுதியில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்ன நடக்கும் என்று உங்களில் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும்.

இனி சேரப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பொன்னாடை போர்த்தி அழைத்தார்கள் என்பதற்காக உடனே சரி என்று சொல்லாதீர்கள். கடந்த மூன்று வருடத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள், குறைகளைச் சுட்டிக்காட்டித் தணிக்கையாளர் தனியாகக் கொடுத்த குறிப்புக் கடிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். உண்மை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். நிறுவனத்தின் நோக்கமும் விதிகளும் எழுதப்பட்ட மூல ஆவணத்தைப் படியுங்கள். உங்கள் குடும்பத்தாரின் கடையிலோ கட்டடத்திலோ நிறுவனத்துக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தால் முதல் கூட்டத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அது பேசப்படும்போது அறையை விட்டு எழுந்து போங்கள். குறைந்த விலைக்குத்தானே கொடுக்கிறோம் என்பது பதில் ஆகாது.

ஏற்கெனவே இருக்கிறவர்கள் கணக்கைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். மேஜையில் வைத்து அங்கேயே கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வெற்றுக் காசோலையில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம், அவசரம் என்று யார் சொன்னாலும். வருடத்துக்கு ஒருமுறையாவது, இயக்குநர் இல்லாமல் தணிக்கையாளரைத் தனியாகச் சந்தியுங்கள். எங்களிடம் சொல்ல நிறைய இருக்கும், கேட்பாரில்லாமல்தான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறோம். இங்கிலாந்தில் 2017-ல் வந்த அறநிறுவன ஆளுகை நெறிமுறை, ஒருவர் ஒன்பது வருடத்துக்கு மேல் குழுவில் தொடர்ந்தால் அதைக் கறாராகப் பரிசீலிக்க வேண்டும் என்றது. இருபது வருடமாக ஒரே தலைவர் இருக்கும் நிறுவனங்களை நான் பார்க்கிறேன், அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. புதுக் கண்கள் வேண்டும், அவ்வளவுதான்.

நேரம் ஒதுக்க முடியவில்லை என்றால் விலகிவிடுங்கள். நன்கொடையாளராக இருங்கள், வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுங்கள், அதுவும் சேவைதான். விலகும்போது வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் தேதியிட்ட கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்களை மனம் உறுத்தும் விஷயம் ஏதாவது இருந்தால் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். பதிவேட்டிலும் வங்கியில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர்கள் பட்டியலிலும் உங்கள் பெயரை நீக்கிவிட்டார்களா என்று ஒரு மாதம் கழித்து நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.