தியேட்டர் மனையில் வரப்போகும் டவர்: பணம் கட்டும் முன்

சென்னை அண்ணா சாலையில் 1964-ல் திறந்த சபையர் தியேட்டர், ஒரே வளாகத்தில் மூன்று திரைகள். இடித்த பிறகு அந்த மனை பல வருடம் காலியாகவே கிடந்தது. அசோக் நகர் உதயமும் இன்று இல்லை. பழைய தியேட்டர் இருந்த இடத்தில் மாடிமாடியாக டவர் வருகிறது என்று விளம்பரம் வந்ததுமே அட்வான்ஸ் கொடுப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

தியேட்டர் மனைக்கு ஏன் இந்த மவுசு? பெரும்பாலும் அகலமான சாலையில், ஒரே பட்டாவில் பெரிய இடம். தமிழ்நாடு கட்டட விதிகள் 2019-ன்படி, சாலை 18 மீட்டர் அகலம் இருந்தால் உயரக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 3.25. 10 கிரவுண்ட், அதாவது 24,000 சதுர அடி மனையில் 78,000 சதுர அடி கட்டலாம். கட்டணம் செலுத்தி இன்னும் 50 சதவீதம் வாங்கினால் 1,17,000.

ஆனால் விதி இடம் கொடுப்பது வேறு, அனுமதி கிடைப்பது வேறு, கட்டி முடிப்பது வேறு. அதற்காகத்தான் வீடு, மனை வாங்குவோரைப் பாதுகாக்கும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது 8 வீட்டுக்கு மேல் என்றால், ரெரா பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. வீடோ கடையோ அலுவலகமோ, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 8 லட்சம், அவ்வளவுதான். வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

சரி, டவர் எழும்பவே இல்லை என்றால்? இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத உரிமை. சட்டத்தின் 18-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் வீட்டை ஒப்படைக்காவிட்டால் நீங்கள் விலகிக்கொள்ளலாம். கட்டிய முழுப் பணமும் வட்டியோடு திரும்பி வர வேண்டும். வட்டி, ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச எம்.சி.எல்.ஆர். (வங்கி கடன் கொடுக்க அடிப்படையாக வைக்கும் வட்டி) விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். வீடே வேண்டும் என்று காத்திருந்தால், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி உண்டு. நடுவில் மேலே நாலு மாடி கூட்டுவது போல அனுமதித்த வரைபடத்தை மாற்றப் பார்த்தால், வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்க வேண்டும்.

அப்புறம், அந்த விளம்பர நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள். "கீழே மல்டிபிளெக்ஸ், மேலே வீடு" என்று அச்சிட்டு ஆசை காட்டி, அது பொய்யாகி உங்களுக்கு நட்டம் வந்தால், 12-வது பிரிவில் இழப்பீடு கேட்க அந்தத் தாள்தான் ஆதாரம்.