‘டிக்’ வெல்டிங்கை ‘வாயுப் பற்றவைப்பு’ என்று எழுதாதீர்கள்

மலிவு விலை வெல்டிங் இயந்திரங்களுக்கான தமிழ் விற்பனைக் குறிப்புகளிலும் மொழிபெயர்த்த கையேடுகளிலும் ‘டிக்’ வெல்டிங்குக்கு ‘டங்ஸ்டன் மந்த வாயுப் பற்றவைப்பு’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சிலர் அதையும் சுருக்கி ‘மந்த வாயுப் பற்றவைப்பு’ என்கிறார்கள். இன்னும் சிலர் ஒரேயடியாக ‘வாயுப் பற்றவைப்பு’ என்று முடித்துவிடுகிறார்கள். முதலாவது அரைகுறை, இரண்டாவது தவறு, மூன்றாவது கண்ணுக்கே கேடு. கண்ணுக்குக் கேடு என்பதை நான் நேர்ப்பொருளில்தான் சொல்கிறேன். காரணம் பின்னால் வருகிறது.

‘டிக்’ என்பது டங்ஸ்டன், இனர்ட், கேஸ் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். டங்ஸ்டன் என்ற பெயர் ஸ்வீடன் மொழியில் ‘கனத்த கல்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தங்குதன் என்று தமிழ் ஒலிக்கு இணங்க எழுதுவோரும் உண்டு. அந்த உலோகம் 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும் என்பதால் இந்த வேலைக்கு வாய்த்தது. இனர்ட் என்றால் எதனோடும் எளிதில் வினைபுரியாதது. இன்று பெரும்பாலும் பயன்படும் ஆர்கானை 1894இல் ராலேவும் ராம்சேயும் கண்டறிந்தார்கள். அதன் பெயருக்கே கிரேக்கத்தில் ‘சோம்பல்’ என்றுதான் பொருள். ஆகவே ‘மந்த வாயு’ என்ற தமிழாக்கத்தில் எனக்குக் குறையில்லை. இலங்கைப் பாடநூல்களின் ‘சடத்துவ வாயு’வும் நல்ல சொல்லே.

‘பற்றவைப்பு’ பற்றியும் ஒரு வார்த்தை. அடுப்பைப் பற்றவைப்பதும் இரும்பைப் பற்றவைப்பதும் ஒரே வினையாக இருப்பதால் குழப்பம் என்று அதை ஒதுக்குவோர் இருக்கிறார்கள். இடம் நோக்கிப் பொருள் கொள்ளத் தமிழருக்குத் தெரியும். தொழிற்பயிற்சி நூல்களில் நிலைத்துவிட்ட சொல்லை அசைக்க வேண்டாம். ஆனால் அதற்குப் பதிலாக ‘பற்றாசு’ என்று எழுதுவதை ஏற்க முடியாது. பற்றாசு பழைய, அழகான சொல். ஆசிடை வெண்பாவுக்கு உரைகாரர்கள் விளக்கம் தரும்போது, தனித்து நிற்கும் இரு உறுப்புகளை அசை சேர்த்து இணைப்பதை உலோகத்தில் பற்றாசு இடுவதோடு ஒப்பிட்டார்கள். பொற்கொல்லர் பற்றாசு வைக்கும்போது நகை உருகுவதில்லை. இடையில் வைத்த கலவை மட்டும் உருகி இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. வெல்டிங்கில் இரு விளிம்புகளுமே உருகி ஒரே உலோகமாகின்றன. அது வேறு, இது வேறு. பற்றாசை ஈயப்பற்றுக்கும் பித்தளைப்பற்றுக்கும் வைத்துக்கொள்வோம்.

இனி வழக்குக்கு வருகிறேன். ‘டங்ஸ்டன் மந்த வாயுப் பற்றவைப்பு’ என்ற தொடரைப் புதிதாகப் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? ஏதோ ஒரு வாயு, அதன் பெயர் டங்ஸ்டன் மந்த வாயு, அதைக் கொண்டு பற்றவைக்கிறார்கள் என்றுதான். ஆங்கிலப் பெயரிலேயே இந்தக் குறை இருக்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் இறக்கியவர்கள் குறையையும் சேர்த்தே இறக்கிவிட்டார்கள். இந்த வேலையைச் செய்வது வாயு இல்லை, மின்சாரம். டங்ஸ்டன் முனைக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியில் இடையறாது எரியும் மின்வில்தான் உலோகத்தை உருக்குகிறது. ஆர்கான் காவலுக்கு நிற்கிறது: உருகிய குட்டையையும் சூடான டங்ஸ்டனையும் காற்று தீண்டாமல் காக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆர்கானைத் திறந்துவிட்டால் தகடு குளிரும், வேறொன்றும் நடக்காது.

காவலாளியின் பெயரைத் தொழிலாளிக்குச் சூட்டியதால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு இரண்டு காரணங்கள் சொல்வேன். முதலாவது, தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘கேஸ் வெல்டிங்’ என்றால் ஆக்சிஜன்–அசிட்டிலீன் சுடரில் செய்யும் வேலை. ‘வாயுப் பற்றவைப்பு’ என்ற தமிழ் அந்த வேலைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், சுடருக்கு உரிய கண்ணாடியை வில்லுக்கு ஒருவர் மாட்டிக்கொள்வார். சுடர் வேலைக்கு 5ஆம் எண் கருமைக் கண்ணாடி போதும். 100 ஆம்பியர் டிக் வில்லுக்கு 10ஆம் எண் வேண்டும், முகம் முழுவதும் மறைக்கும் கவசமும் வேண்டும். வில்லிலிருந்து வரும் புறஊதாக் கதிர் கண்ணைச் சுட்டுவிட்டால், இரவு முழுவதும் மணல் விழுந்ததுபோல உறுத்தும். கை, கழுத்துத் தோலும் வெந்து சிவக்கும். இரண்டாவது காரணம், ஆர்கான் எரியாது என்பதால் அதில் ஆபத்தே இல்லை என்று நினைக்கவும் கூடாது. காற்றைவிடக் கனமான அது தொட்டிக்குள்ளும் குழிக்குள்ளும் தங்கி, சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். ‘வாயுப் பற்றவைப்பு’ என்ற பெயர் இல்லாத தீயைக் காட்டி, இருக்கிற மூச்சுத்திணறலை மறைக்கிறது.

பெயர் வைத்தவர்கள் தொடக்கத்தில் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரசல் மெரிடித் மக்னீசியத்தை இணைக்க இந்த முறையை வளர்த்தபோது காப்புக்கு ஹீலியத்தைப் பயன்படுத்தினார். அதற்கு ‘ஹீலியார்க்’ என்று பெயர் வந்தது. ஹீலியமும் உண்டு, ‘ஆர்க்’ என்ற வில்லும் உண்டு. அமெரிக்க வெல்டிங் கழகத்தின் முறையான பெயரிலும் வாயு, டங்ஸ்டன், வில் மூன்றும் இருக்கின்றன. ஐஎஸ்ஓ 4063 என்ற பன்னாட்டுத் தரம் இதற்குக் கொடுத்த எண் 141. அந்தத் தரத்தில் 1 என்று தொடங்குபவை எல்லாம் மின்வில் முறைகள். வாயுச் சுடர் முறைகள் 3இல் தொடங்குகின்றன. அசிட்டிலீன் வேலையின் எண் 311. வகைப்படுத்தியவர்கள் இரண்டையும் இவ்வளவு தூரத்தில் வைத்திருக்க, நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே கூரைக்குக் கீழ் குடிவைக்கிறார்கள்.

வில் என்ற சொல்லுக்கும் ஓர் எதிரி இருக்கிறது: ‘மின்பொறி’. ஆர்க் என்று வந்தால் மின்பொறி என்று எழுதிவிடுகிறார்கள். பொறி என்பது தெறித்து மறைவது. வில் என்பது நின்று எரிவது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹம்ஃப்ரி டேவி இரண்டு கரித்துண்டுகளைக் கிடையாக வைத்து மின்சாரம் செலுத்தியபோது, இடையில் எழுந்த ஒளி வெப்பத்தால் மேல்நோக்கி வளைந்து வில்போல நின்றது. பெயர் அப்படித்தான் வந்தது. தமிழ் ‘மின்வில்’ அந்தக் காட்சியை அப்படியே வைத்திருக்கிறது. டிக் இயந்திரத்தில் பொறியும் உண்டு, வில்லும் உண்டு என்பதால் இரண்டு சொல்லும் வேண்டும். உயர் அதிர்வெண் தொடக்கம் உள்ள இயந்திரத்தில், பொத்தானை அழுத்தியதும் முனையிலிருந்து பொறி தாவி வழியமைக்கிறது. அந்த வழியில் வில் நிலைகொள்கிறது. இதை மின்பொறிக்காரர்கள் எழுதினால் ‘பொறி பொறியைத் தொடங்குகிறது’ என்று வரும். அந்த வசதி இல்லாத விலை குறைந்த இயந்திரங்களில் டங்ஸ்டனைத் தகட்டில் தொட்டுத் தூக்கித்தான் வில்லை எழுப்ப வேண்டும். அதைத் ‘தொட்டெடுப்புத் தொடக்கம்’ என்றால் யாருக்கும் புரியும்.

மின்வில்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டால், இயந்திரம் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதோடு போய்விடுகிறது. மெல்லிய எஃகையும் தடித்த அலுமினியத்தையும் ஒரே 200 ஆம்பியர் இயந்திரத்தில் பற்றவைக்க விரும்புகிறவரை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் அதே ஆர்கான்தான், அதே உருளைதான். வேறுபாடு முழுவதும் மின்சாரத்தில் இருக்கிறது.

1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டுக்கு நேர்மின்னோட்டம், அதாவது டிசி. டங்ஸ்டன் எதிர்முனையில் இருக்கும். வெப்பத்தின் பெரும்பகுதி தகட்டில் இறங்கும். கூராகத் தீட்டிய முனை கெடாது. 30 முதல் 40 ஆம்பியர் போதும். இங்கே 200 என்று பெட்டியில் எழுதியிருப்பதால் பயனில்லை. அந்த இயந்திரம் எவ்வளவு குறைந்த ஆம்பியரில் வில்லை அணையாமல் பிடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி. பற்றவைப்புத் தையலின் முடிவில் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்க முடியாவிட்டால் கடைசிப் புள்ளியில் குழி விழுந்து வெடிப்புக் காணும். காலால் அழுத்தும் மிதி இருந்தால், தகடு சூடேறச் சூடேற ஆம்பியரைத் தணித்துக்கொண்டே போகலாம். தகட்டின் பின்னால் ஒரு செப்புப் பட்டையை வைத்தால் மிகை வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளும்; ஓட்டை விழுவது குறையும்.

6 மில்லிமீட்டர் அலுமினியம் அப்படியே தலைகீழ். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படர்ந்திருக்கும் ஆக்சைடுத் தோலோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். வழக்கமான டிசியில் வில்லைக் காட்டினால் உள்ளே உலோகம் உருகிக் கிடக்க, மேல்தோல் சுருங்கிய பாலாடையாக நிற்கும். நிரப்புக் கம்பி கலக்காது. அதற்குத்தான் மாறுமின்னோட்டம், ஏசி. டங்ஸ்டன் நேர்முனையாகும் கணங்களில் அந்தத் தோல் சிதைந்து, குட்டையைச் சுற்றி வெள்ளைப் பட்டை விரியும். எதிர்முனையாகும் கணங்களில் வெப்பம் உள்ளே இறங்கும். இரண்டுக்கும் எவ்வளவு பங்கு என்பதைத் தீர்மானிக்கும் திருகு இன்று பல ஏசி இயந்திரங்களில் இருக்கிறது. எதிர்முனைப் பங்கை 70 விழுக்காடு அளவில் வைத்துத் தொடங்குவார்கள். நேர்முனைப் பங்கைக் கூட்டினால் சுத்தம் கூடும், ஆனால் டங்ஸ்டன் முனை உருண்டு வீங்கும்.

‘டிக்’ என்று பெரிதாக எழுதி விற்கப்படும் மலிவு இயந்திரங்களில் பல டிசி மட்டும் கொடுப்பவை. ஆர்கான் உருளையை மாட்டிவிட்டால் அலுமினியமும் ஒட்டும் என்று நம்பி வாங்குகிறார்கள். ‘ஆர்கான் வெல்டிங்’ என்ற பட்டறைப் பெயருக்கும் இதில் பங்கு உண்டு. அந்தப் பெயரை நான் இழிவாகப் பார்க்கவில்லை. தொழிலாளர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர், ‘வாயுப் பற்றவைப்’பைவிட நூறு மடங்கு மேல். ஆனால் கம்பியே மின்முனையாக இருந்து உருகும் ‘மிக்’ முறையிலும் அலுமினியத்துக்கு ஆர்கான்தான் போகிறது. எனவே அதுவும் இதைத் தனித்துக் காட்டவில்லை.

என் பரிந்துரை: ‘டங்ஸ்டன் மின்வில் பற்றவைப்பு’. வாயுவைச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் ‘மந்த வாயுக் காப்புடன்’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். பேச்சில் ‘டிக்’ இருக்கட்டும். அதை விரட்ட வேண்டிய தேவையில்லை. திருச்சி பெல் ஆலையின் கொதிகலன் குழாய் வேலைகளிலிருந்து தெருமுனைப் பட்டறை வரை அந்த ஓரசைச் சொல் வேரூன்றிவிட்டது. தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு யாரோடும் சண்டையில்லை. தெளிவில்லாத தூய்மைதான் எனக்கு ஆகாது.

இந்தக் கையேடுகளில் மற்ற சொற்களின் நிலை இதைவிட மோசம். டங்ஸ்டன் முனையை ‘நுகரா மின்முனை’ என்கிறார்கள். நுகர்தல் என்றால் மோத்தல், அனுபவித்தல், பொருளை வாங்கிப் பயன்படுத்துதல். உலோகக் கோல் எதை நுகரும்? சாதாரண வெல்டிங் ராடு உருகித் தையலில் கலக்கிறது, டங்ஸ்டன் கலப்பதில்லை. ‘உருகா மின்முனை’ என்றால் முடிந்தது. ‘கடமைச் சுழற்சி’ என்று ஒன்று வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் அதைப் படித்துவிட்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை இயந்திரத்தைப் பராமரிக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது என்று நினைத்திருந்தார். 200 ஆம்பியரில் 25 விழுக்காடு என்று போட்டிருந்தால், 10 நிமிடத்தில் இரண்டரை நிமிடம் வில் எரியலாம், மீதி ஏழரை நிமிடம் ஆற வேண்டும் என்று பொருள். ‘இயங்குநேர விகிதம்’ என்று எழுதியிருந்தால் அவர் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது.

அதுவும் தடித்த அலுமினியத்துக்கு இந்த எண்தான் உயிர். மில்லிமீட்டருக்கு 40 ஆம்பியர் என்ற பட்டறைக் கணக்கில் 6 மில்லிமீட்டருக்கு 240 வேண்டும். கையில் இருப்பதோ 200. அலுமினியம் வெப்பத்தைச் சாதாரண எஃகைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்திவிடும் என்பதால், குட்டை உருவாகும் முன்பே இயந்திரம் சூடாகி நின்றுவிடும். விளிம்புகளை வி வடிவில் சீவி, தகட்டை 100 டிகிரி அளவுக்கு முன்கூட்டியே சூடேற்றிக்கொண்டால் அதே 200 ஆம்பியரில் வேலை நடக்கும். இந்த முன்சூடேற்றலை ஒரு கையேடு ‘முன்வெப்பச் சிகிச்சை’ என்கிறது. வெப்பச் சிகிச்சை என்பது உலோகத்தின் கடினத்தன்மையை மாற்றும் தனி வேலை. அதை நினைத்து ஒருவர் அலுமினியத்தை 300 டிகிரிக்குக் கொண்டுபோனால், 6061 போன்ற அலுமினியக் கலவைகள் தம் வலிமையை இழந்துவிடும்.