கொண்டை ஊசி வளைவில் ஒரு ரேடியன்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பேருந்து வந்த திசைக்கே திரும்பிவிடும். கிட்டத்தட்ட 180 டிகிரி. ஜன்னலோரத்தில் இருப்பவருக்கு வயிறு புரளும் அந்த நேரத்தில், வெளிப்பக்கத்துப் பின்சக்கரம் உள்பக்கத்துச் சக்கரத்தைவிட எத்தனை மீட்டர் கூடுதலாக ஓடுகிறது?

180 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. முழு வட்டத்துக்கு 360 என்பது வட்டத்துக்குள்ளிருந்து பிறந்த எண் அல்ல. அறுபது அறுபதாக எண்ணிய பாபிலோனியர்களிடமிருந்து வானியல் வழியாக வந்த பழக்கம். வசதியான பழக்கம்தான், 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 12 எதனால் வகுத்தாலும் மீதி வராது. ஆனால் 400 என்று வைத்திருந்தாலும் வட்டம் கோபித்துக்கொள்ளாது.

கோணத்தை அளக்கும் இன்னொரு அலகான ரேடியன் அப்படி இல்லை. சேலத்து வீடுகளில் கொலுசுக்கா பஞ்சம்? அறுந்துபோன கொலுசுச் சங்கிலி ஒன்றையும் ஒரு தாம்பாளத்தையும் எடுங்கள். தாம்பாளத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை சங்கிலியை நேராக வைத்து, அந்த நீளத்தை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதே நீளத்தை விளிம்போடு வளைத்து வையுங்கள். அந்த வில் நடுப்புள்ளியில் அடைக்கும் கோணம்தான் 1 ரேடியன், சுமார் 57.3 டிகிரி. தாம்பாளம் பெரிதானாலும் சிறிதானாலும் இது மாறாது. அரை வட்டம் சுற்ற மூன்று நீளம் வைத்த பிறகும் கொஞ்சம் இடம் மிஞ்சும்: 3.14, அதாவது 'பை'.

வட்டம் தன் ஆரத்தாலேயே தன்னை அளந்துகொள்வதால், ஆரத்தைக் கோணத்தால் பெருக்கினால் வில்லின் நீளம் வந்துவிடுகிறது. சரி, பேருந்துக்கு வருவோம். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெளிச்சக்கரம் ஓடும் வில்லின் ஆரம் 2 மீட்டர் கூடுதல். அதனால் கூடுதல் ஓட்டம் 2 × 3.14 = 6.28 மீட்டர். வளைவு அகலமா குறுகலா என்று கேட்கவே வேண்டாம்! அரைச் சுற்றுத் திரும்பினால் 6.28, அவ்வளவுதான். இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிட டிஃபரன்ஷியல் இருப்பது இதற்காகத்தான். டிகிரியில் கணக்குப் போட்டால் ஒவ்வொரு முறையும் 'பை'யால் பெருக்கி 180-ஆல் வகுக்க வேண்டும். வகை நுண்கணிதத்திலும் அந்த வால் விடாமல் கூடவே வரும். சைனின் வகைக்கெழு வெறும் கொசைனாக நிற்பது ரேடியனில் மட்டும்தான்.

எண்ணம் பழையது, பெயர்தான் புதியது. ரேடியன் என்ற சொல் 1873-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் பேராசிரியர் ஜேம்ஸ் தாம்சன் தயாரித்த தேர்வுத்தாளில் அச்சேறியது. பிறந்ததே தேர்வுத்தாளில் என்றால், பிள்ளைகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

நானும் மாட்டியிருக்கிறேன். கல்லூரித் தேர்வில் சைன் 30 என்று தட்டினேன், 0.5 வர வேண்டிய இடத்தில் −0.988 வந்தது. கால்குலேட்டர் ரேடியனில் இருந்திருக்கிறது. அதன்மேல் தப்பில்லை. 30 ரேடியன் என்றால் நாலே முக்கால் சுற்றுக்குச் சற்று அதிகம். முக்கால் சுற்றில் சைன் −1. அதைக் கொஞ்சம் தாண்டியதால் −0.988. நான் கேட்க நினைத்தது லேசான ஒரு திருப்பம். அது கணக்குப் போட்டதோ, ஏற்காட்டு வளைவுகளில் ஒன்பதரையை ஒரே பக்கமாகத் திரும்பி முடித்த கோணம்.