எலும்புக்கு மருந்து ஏற்ற முன் பல்லை ஏன் காட்ட வேண்டும்?

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிட்டுது. எலும்புக்கு மருந்து ஏத்த முதல் பல்லைக் காட்டிக்கொண்டு வரச் சொல்லிச்சினம். 'இந்த நிலைமையில பல்லையோ பாக்கிறது?' எண்டு அம்மா மறுக்கிறா."

பார்க்கத்தான் வேண்டும்.

எலும்பைக் கரைக்கும் கலங்களும் திரும்பக் கட்டும் கலங்களும் வாழ்நாள் முழுக்க வேலை செய்வது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மார்பகப் புற்றுநோய்க் கலம் எலும்புக்குள் வந்தால், பெரும்பாலும் தானாக அதை அரிப்பதில்லை. ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அது பட்டதும் கட்டும் கலங்கள் 'ராங்க்-எல்' என்ற சமிக்ஞையை விட, கரைக்கும் கலங்கள் பெருகுகின்றன. அவை எலும்போடு ஒட்டி உட்கார்ந்து, விளிம்பை இறுக்கி அடைத்துக்கொண்டு, அடியில் அமிலத்தை விடும். எலும்பு கரையும்போது அதற்குள் பொதிந்து கிடந்த வளர்ச்சிக் காரணிகள் வெளியே வந்து புற்றுக் கலத்துக்கே தீனியாகின்றன! அது இன்னும் சுரக்கும். எலும்பு இன்னும் கரையும்.

இந்தச் சுற்றை வெட்டத்தான் சொலெட்ரோனிக் அமிலம். 4 மில்லிகிராம், நாளத்தில் கால் மணி நேரமாவது எடுத்து ஏற்றுவார்கள். அது கல்சியத்தோடு ஒட்டி எலும்பின் மேல் படிந்து காத்திருக்கும். எலும்பை எந்தக் கலம் தின்கிறதோ அதுவே மருந்தையும் விழுங்கிச் சாகும். எலிக்குத் தேங்காய்ச் சொட்டில் மருந்து வைப்பது போலத்தான். இதைவிட அழகான மருந்து எனக்குத் தெரியாது. முறிவையும் வலியையும் தள்ளிப்போடுவதுதான் இதன் வேலை. அதனால்தான் நோவு இல்லாவிட்டாலும், மற்றச் சிகிச்சையோடு சேர்த்து இதைத் தொடங்கச் சொல்கின்றன வழிகாட்டிகள்.

சரி, பல்? பல் பிடுங்கிய குழி ஆறுவதற்குத் தாடை எலும்பு கொஞ்சம் கரைந்து திரும்ப வளர வேண்டும். கரைக்கும் கலங்களை அடக்கிவிட்டால் அது ஒழுங்காக நடக்காது. சிலருக்குப் பல்முரசு மூடாமல், எலும்பு வெளியே தெரிந்தபடி மாதக்கணக்கில் கிடக்கும். அடிக்கடி வருவதல்ல; வந்தால் பெரிய கரைச்சல். ஆகவே பிடுங்க வேண்டிய பல்லை முதலே பிடுங்கி, புண் ஆறிய பிறகு ஏற்றுவது நல்லது. இடையில் பல்வலி வந்தால், இந்த மருந்து ஏறுவதைச் சொல்லாமல் பல் வைத்தியருக்கு வாயைத் திறக்க வேண்டாம்.

முன்பெல்லாம் 4 கிழமைக்கு ஒரு தடவை ஏற்றினார்கள். 12 கிழமைக்கு ஒரு தடவை போதும் என்று 1,822 நோயாளர்கள் பங்கெடுத்த அமெரிக்க ஆய்வொன்று 2017இல் காட்டியது. அரச பணம் கிடைத்ததால் நடந்த ஆய்வு. முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி வருபவருக்கு, புது மருந்தொன்றைவிட இது பெரிது என்பேன். அம்மாவுக்கு எத்தனை கிழமை என்பதை அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையையும், தந்தால் கல்சியம், விற்றமின் டி குளிசைகளையும் தவறவிட வேண்டாம்.