ஓசியில் கிடைக்கும் முதல் சிகரெட்

புகைப்பதை விட வேண்டும் என்று ஆலோசனைக்கு வருகிறவர்களிடம், முதல் சிகரெட் எப்படிக் கைக்கு வந்தது என்று தவறாமல் கேட்பேன். காசு கொடுத்து வாங்கினேன் என்பவர்கள் குறைவு. நண்பன் நீட்டினான், அண்ணன் பாக்கெட்டில் இருந்து எடுத்தேன் என்பார்கள். பெரும்பாலோருக்கு அப்போது 18 வயதுகூட ஆகியிருக்காது.

'ஓசியில் கிடைப்பதை விலையேற்றித் தடுக்க முடியுமா டாக்டர்?' என்று பெற்றோர் கேட்பதுண்டு. முடியும். விலை 10 சதவீதம் ஏறினால், வசதியான நாடுகளில் சுமார் 4 சதவீதமும் மற்ற நாடுகளில் சுமார் 5 சதவீதமும் பயன்பாடு குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பதின்வயதினரிடம் இந்தத் தாக்கம் இன்னும் அதிகம். அவர்களிடம் இருப்பது கைச்செலவுக் காசு. நிகோட்டின் பிடியும் முழுதாக இறுகியிருக்காது. அதோடு, விலை ஏறினால் நீட்டுகிற நண்பனும் யோசிப்பான். அவன் வாங்குவதைக் குறைத்தால், அவனிடம் வாங்கிப் பழகுகிறவர்களுக்கும் வரத்து குறைகிறது.

இதைக் கெடுப்பது பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்கும் சில்லறை விற்பனை. பாக்கெட் விலை எட்டாத உயரத்துக்குப் போனாலும், ஒற்றை சிகரெட் வாங்கப் பையனிடம் காசு இருக்கும். 2005இல் நடைமுறைக்கு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை இதைத் தடைசெய்ய முயலுமாறு நாடுகளைக் கேட்கிறது. வருமானம் உயரும் வேகத்துக்கு வரி உயராவிட்டாலும், விலையேற்றத்துக்குப் பலன் இருக்காது.

விலையைவிடக் கடினமானது மனப்போக்கு. 'எல்லாரும்தான் தம் அடிக்கிறாங்க' என்று பிள்ளைகள் சொல்வது பொய்யல்ல, அப்படித்தான் நம்புகிறார்கள்; தங்கள் வயதினரில் புகைப்பவர்களின் எண்ணிக்கையை மிகையாகவே கணிக்கிறார்கள். திரையில் புகைப்பதைப் பார்ப்பது இளையோரைப் புகைக்கத் தூண்டுகிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2012 அறிக்கை உறுதியாகவே சொல்கிறது. இன்னொன்றும் என்னை வருத்துகிறது. ஆண்பிள்ளை புகைத்தால் 'வயசுக் கோளாறு', பெண்பிள்ளை புகைத்தால் ஒழுக்கக் கேடு. முதலாவது பழக்கத்தை வளர்க்கிறது. இரண்டாவது அதை மறைக்க வைக்கிறது. அந்தப் பெண்கள் உதவி கேட்டு வருவதற்குள் பழக்கம் முற்றிவிடுகிறது.

நானே புகைக்கிறேன், எந்த முகத்தோடு பிள்ளையைக் கண்டிப்பது என்று கேட்கும் அப்பாக்களிடம் நான் சொல்வது: பிள்ளையைக் கடைக்கு அனுப்பி சிகரெட் வாங்கிவரச் சொல்லாதீர்கள், வீட்டுக்குள் புகைக்காதீர்கள். விட முயன்று முடியாமல் போனதை மறைக்காமல் அவனிடம் சொல்லுங்கள். ஆலோசனைக்கு வரும்போது அவனையும் கூட்டி வாருங்கள்.